சட்டம் வகுக்காத படிகள்: முதல் மோட்டார் சைக்கிளும் அதற்குரிய கவசங்களும்

தியாகராய நகரில் வசிக்கும் ஒருவர், பதினெட்டு வயது நிறைந்தபின் கே.கே. நகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தேர்வில் தேறி, கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமத்தைப் பெற்றுவிட்டால், அந்த ஒரே அட்டை 100 சி.சி. வண்டிக்கும் செல்லும், 1000 சி.சி. வண்டிக்கும் செல்லும். என்ஜினின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் இடத்தின் கொள்ளளவைக் கன சென்டிமீட்டரில் சொல்வதே சி.சி.; அது கூடக்கூடப் பொதுவாக வண்டியின் ஆற்றலும் எடையும் விலையும் கூடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓட்டுநர் உரிம விதிகள் இந்த இடைவெளியைப் படிகளாகப் பிரித்துள்ளன: 16 வயது முதல் 125 சி.சி.க்கும் 11 கிலோவாட் ஆற்றலுக்கும் மிகாத வண்டி, 18 வயது முதல் 35 கிலோவாட் வரையிலான வண்டி, அதை இரண்டாண்டு ஓட்டிப் பழகியவருக்கு வரம்பில்லாத வண்டி என்பது அங்குள்ள அமைப்பு. 1988-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டமோ பதினெட்டு வயது என்ற ஒரு கோட்டைக் கிழித்துவிட்டு, அதற்கு அப்பால் எந்தப் படியையும் வைக்காமல் விட்டுவிட்டது. ஆகவே இங்கே முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் இளைஞரும் அவருடைய குடும்பமும் அந்தப் படிகளைத் தாங்களே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் வண்டியை வாழ்நாள் வண்டியாக எண்ணாமல், கற்றுக்கொள்வதற்கான வண்டியாக எண்ணித் தேர்ந்தெடுப்பதே அதில் முதற்படி.

தமிழகத்து வீடுகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பரிசாக வண்டியை வாக்களிக்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், அந்த வாக்கு நிறைவேற வேண்டிய காலத்துக்கும் சட்டம் அனுமதிக்கும் காலத்துக்கும் இடையே பல மாதங்கள் விழுந்துவிடுகின்றன. பெரும்பாலான மாணவர்கள் தேர்வு முடியும் கோடையில் பதினேழு வயதையே எட்டியிருக்கிறார்கள். பதினாறு வயது நிறைந்தவர்கள் 50 சி.சி.க்கு மிகாத வண்டியை ஓட்டலாம் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருவது உண்மை என்றாலும், 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவந்து தமிழ்நாடெங்கும் ஓடிய டி.வி.எஸ். 50 போன்ற மொபெட்டுகளின் காலம் முடிந்து, அதன் வழித்தோன்றலே இன்று 100 சி.சி. அளவுக்கு வளர்ந்துவிட்டதால், அந்தச் சலுகை நடைமுறையில் பயனற்றுப் போயிருக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் 250 வாட்டுக்குக் குறைவான மோட்டாரும் கொண்ட சிறு மின் வண்டிகள் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வராதவை என்பதால், அவற்றுக்கு உரிமமும் பதிவும் வேண்டியதில்லை. காத்திருக்கும் மாதங்களுக்கு அவை போதும். அவற்றை ஓட்டும்போதும் தலைக்கவசம் வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தரையில் மோதும் தலைக்குச் சட்டத்தின் வரையறை தெரியாது.

இந்தக் காத்திருப்பை மீறுவதன் விளைவு இளைஞரோடு நிற்பதில்லை. 2019-இல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பதினெட்டு வயது நிறையாதவர் மோட்டார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாகலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறுவருக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடைக்காது. ஓராண்டு பொறுக்க முடியாமல் ஏழாண்டுகளை இழக்கும் இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் வீட்டிலேயே எடுத்துச் சொல்வது பெற்றோரின் கடமை. எல்.எல்.ஆர். என்று வழக்கில் சொல்லப்படும் பழகுநர் உரிமம் கிடைத்த பிறகும், முப்பது நாள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும் என்பதும், அந்தக் காலத்தில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னிருக்கையில் ஏற்றக் கூடாது என்பதும் பலர் கவனியாத விதிகள்.

வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது ஓடப்போகும் சாலையைப் பார்க்க வேண்டும். தியாகராய நகரின் உஸ்மான் சாலையிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் காலை முதல் இரவு வரை வண்டிகள் ஊர்ந்தே செல்கின்றன. துணிக்கடைப் பைகளோடு சாலையைக் கடப்பவர்கள், திடீரென ஓரம் கட்டும் ஆட்டோக்கள், மெட்ரோ ரயில் பணிக்காக ஒடுக்கப்பட்ட பாதைகள், மழையில் வழுக்கும் இரும்புத் தகடுகள் ஆகியவையே இங்கே ஓட்டுபவர் எதிர்கொள்ளும் உலகம். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் வரையறுத்த வேக வரம்பு இருசக்கர வண்டிகளுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர். இந்த வரம்புக்குள் ஓட எட்டுக் குதிரைத்திறன் கொண்ட 100 சி.சி. வண்டியே போதும், அதற்கு மேற்பட்ட ஆற்றல் வெளிப்பட வாய்ப்புள்ள இடங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையும் ஜி.எஸ்.டி. சாலையும் போன்ற நீண்ட நேர்ச்சாலைகள், அதுவும் பெரும்பாலும் இரவில், நண்பர்கள் உடன் வரும்போது. பழகாத கைகளுக்கு மிகவும் ஆபத்தான சூழலும் அதுவே.

அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹர்ட் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து விபத்துகளை ஆராய்ந்து 1981-இல் வெளியான அறிக்கை, மோட்டார் சைக்கிள் பாதுகாப்புத் துறையில் இன்றும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது. விபத்துக்குள்ளானவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதத்துக்கும் குறைவாகவே ஓட்டியிருந்தனர் என்பதும், பத்தில் ஒன்பது பேர் முறையான பயிற்சியின்றித் தாமாகவோ உறவினர், நண்பர்களிடமோ கற்றவர்கள் என்பதும் அதன் முக்கியக் கண்டறிதல்கள். பல ஆண்டு ஓட்டியவரும் வண்டி மாறும்போது ஓரளவு புதியவராகிவிடுகிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. அப்படியிருக்க, கிளட்ச்சும் கியரும் கைக்குப் பழகும் முன்பே நாற்பது குதிரைத்திறனை ஒருவரிடம் ஒப்படைப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

முதல் வண்டியில் எடையையும் இருக்கை உயரத்தையும் முதலில் பார்க்க வேண்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டரின் எடை ஏறத்தாழ 112 கிலோ, டி.வி.எஸ். ரைடர் 125-இன் எடை ஏறத்தாழ 123 கிலோ, ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350-இன் எடை 181 கிலோ, அதே நிறுவனத்தின் கிளாசிக் 350-இன் எடை ஏறத்தாழ 195 கிலோ. ஓடும்போது இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. நெரிசலில் நின்று நின்று செல்லும்போதும், ரங்கநாதன் தெரு முனையில் நூறு வண்டிகளுக்கு நடுவே நிறுத்திய வண்டியைப் பின்னோக்கி இழுக்கும்போதும், பள்ளத்தில் ஒரு காலை ஊன்றி நிற்க நேரும்போதும்தான் தெரிகிறது. நிற்கும் வண்டி சற்றுச் சாயும்போது அதைத் தாங்கும் வலிமை காலில் இல்லாவிட்டால் வண்டியோடு ஓட்டுநரும் சாய்வார். ஆகவே கடையில் வண்டியின் மீது அமர்ந்து, இரு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் உறுதியாகப் பதிகின்றனவா என்றும், சைடு ஸ்டாண்டை எடுத்துவிட்டுத் தனியாகவே வண்டியை முன்னும் பின்னும் நகர்த்த முடிகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். விளம்பரப் படத்தின் நிறத்தையும் நண்பர்களின் கருத்தையும் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

சென்னை இளைஞர்களுக்கு இந்த அறிவுரை எளிதில் மனத்தில் இறங்காததற்கு ஊரின் வரலாறும் ஒரு காரணம். இந்திய இராணுவத்தின் தேவைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த 350 சி.சி. புல்லட், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருப்பெறத் தொடங்கியது. அந்த நிறுவனம் இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் பெரிய ஆலைகளை நடத்துகிறது. தன் ஊரிலேயே பிறந்த வண்டியின் மீது ஓர் இளைஞர் ஆசை கொள்வதில் தவறொன்றும் இல்லை, அந்த ஆசையை மதிக்கவும் வேண்டும்; ஆனால் அது இரண்டாம் வண்டிக்குரிய ஆசை. ஐரோப்பியரின் முதற்படியான 11 கிலோவாட் என்பது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். இந்தியாவில் விற்கும் 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் 11 குதிரைத்திறனை ஒட்டியவை. அந்த வகுப்பில் ஓரிரு ஆண்டு பழகுபவருக்கு, சட்டம் கொடுக்காத படி தானாகவே அமைந்துவிடுகிறது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது எடையில் பெரும்பகுதி முன்சக்கரத்தை நோக்கிச் சாய்வதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பங்கு முன் பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது. நம் ஊரில் பலரும் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கிவிடும் என்ற அச்சத்தால் கால் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள், அதனால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது. இந்த இரண்டு பிழைகளுக்கும் இயந்திர வழியில் மாற்றாக, 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய வண்டிகளில் 125 சி.சி. வரையிலானவற்றுக்கு ஒரு நெம்புகோலை அழுத்தினால் இரு சக்கரமும் சேர்ந்து நிற்கும் சி.பி.எஸ். என்ற இணைப்பு பிரேக்கும், அதற்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் பிரேக்கை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குபவர்கள் இந்த ஆண்டுக் கணக்கை நினைவில் வைத்து, இயன்றவரை 2019-க்குப் பிந்தைய வண்டியையே தேடுவது நல்லது. எந்த அமைப்பும் இயற்பியலை மாற்றிவிடாது: ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி ஆகும் என்று கொண்டால், காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 21 மீட்டரும், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 63 மீட்டரும் தேவைப்படும். வேகம் இரு மடங்காகும்போது நிற்கும் தூரம் மும்மடங்காவதை இளைஞர்கள் எண்ணால் அறிவது போதாது, காலி மைதானத்தில் கண்ணால் பார்த்து அறிய வேண்டும்.

தியாகராய நகரில் ஓர் இளைஞரின் வண்டி பெரும்பாலும் வீட்டின் வண்டியாகவும் ஆகிவிடும் என்பதால், பின்னால் அமரப்போகும் தாயையும் பாட்டியையும் கருதியே இருக்கையைப் பார்க்க வேண்டும். பின்னிருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும், கால் வைக்கப் படியும், ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியளவேனும் மறைக்கும் சேலைக் காப்பும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி கேட்பவை. தோற்றத்துக்காகச் சேலைக் காப்பைக் கழற்றிவிடும் வழக்கம் துப்பட்டாவும் முந்தானையும் சங்கிலியில் சிக்கும் விபத்துகளுக்கு வழி திறக்கிறது. முன்னோக்கிக் குனிந்து ஓட்டும் பந்தய வடிவ வண்டிகளின் உயர்ந்த, ஒடுங்கிய பின்னிருக்கை இந்தக் குடும்பப் பயன்பாட்டுக்கு ஒத்து வருவதே இல்லை.

கவசங்களைப் பொறுத்தவரை, வண்டிக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு மிஞ்சுவதில் தலைக்கவசம் வாங்குவது என்ற முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டும்: முதலில் தலை முதல் கால் வரையிலான கவசங்களின் விலையைக் கணக்கிட்டு ஒதுக்கிவிட்டு, மீதியில் அடங்கும் வண்டியைத் தேட வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் மட்டும் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் இறந்த இருசக்கர வண்டிப் பயணிகள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். அதே ஆண்டில் நாட்டிலேயே மிகுதியான சாலை விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. தலைக்கவசம் இறப்பின் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும் தலைக் காயத்தின் வாய்ப்பை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. 2015 ஜூலை முதல் தமிழ்நாட்டில் தலைக்கவச விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், அணியாதவர்களுக்கு 2022 அக்டோபர் முதல் 1,000 ரூபாய் அபராதம் நடைமுறைக்கு வந்ததும் இத்தகைய இழப்புகளின் பின்னணியில்தான்.

தலைக்கவசத்தின் உயிர் அதன் வெளி ஓட்டில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். வெளி ஓடு கூர்மையான பொருள் ஊடுருவாமல் தடுத்து, மோதலை அகலப் பரப்புகிறது. அதற்கு உள்ளே இருக்கும், தெர்மக்கோல் இனத்தைச் சேர்ந்த தடித்த அடுக்குதான் நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைச் சில மில்லி வினாடிகள் நீட்டித்து, மூளைக்குச் செல்லும் விசையைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கிய அடுக்கு மீண்டும் எழாது என்பதால், விபத்தில் அடிபட்ட தலைக்கவசம் வெளியே கீறலின்றி இருந்தாலும் அதன் பணி முடிந்துவிட்டது. 2021 ஜூன் முதல் இந்தியாவில் ஐ.எஸ். 4151 என்ற தரத்துக்கு உட்பட்டு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றவற்றையே விற்கலாம் என்றாலும், நடைபாதையில் குவித்து விற்கப்படுபவற்றில் போலி முத்திரைகள் உண்டு; விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாமல் இருப்பதே நல்லது. ஜெர்மனியில் டீட்மர் ஓட்டே நடத்திய ஆய்வில் தலைக்கவசத்தின் மீது விழுந்த அடிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாடைப் பகுதியில் பதிவாகியிருந்தன என்பதால், காதோடு நின்றுவிடும் அரைக் கவசத்தைத் தவிர்த்து, முகம் முழுதும் மூடும் கவசத்தையே வாங்க வேண்டும்.

அளவு பார்ப்பதற்குப் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த அளவுள்ள கவசத்தை அணிந்து பட்டையை மாட்டி, தலையை வேகமாக அசைத்தால் கவசம் தனியே சுழலாமல் தோலையும் சேர்த்து இழுக்க வேண்டும்; கன்னங்கள் இலேசாக அழுந்துவது சரியான அளவின் அடையாளம், நெற்றியில் ஓரிடத்தில் மட்டும் வலிப்பது தவறான வடிவத்தின் அடையாளம். நிறத்திலும் பொருள் உண்டு: நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வில், கறுப்புக் கவசத்தோடு ஒப்பிடும்போது வெள்ளைக் கவசம் அணிந்தவர்களுக்கு விபத்துக் காயத்தின் வாய்ப்பு 24 விழுக்காடு குறைவாகவும், ஒளி பிரதிபலிக்கும் ஆடை அணிந்தவர்களுக்கு 37 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. சென்னை வெயிலில் வெள்ளை நிறம் தலைக்கு இதம் தருவதும் கூடுதல் பயன். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடை வரிசையில் பல அளவுகளை அணிந்து பார்க்க முடியும் என்பதால், இணையத்தில் படம் பார்த்து வாங்குவதைவிட நேரில் செல்வது பயன் தரும்.

மேலாடையைப் பற்றிப் பேசும்போது சென்னையின் புழுக்கத்தைக் காரணம் காட்டி அதை முற்றிலும் தவிர்ப்பவர்களே மிகுதி. அவர்களுக்காகவே வலைத்துணியால் ஆன ஜாக்கெட்டுகள் இருக்கின்றன: காற்று ஊடுருவும் வலையோடு, தரையில் முதலில் படும் தோளிலும் முழங்கையிலும் தேய்வைத் தாங்கும் தடித்த துணியும், அதனுள் மோதலை உள்வாங்கும் கவசத் தகடுகளும் வைத்துத் தைக்கப்படுபவை அவை. அந்தத் தகடுகளில் ஐரோப்பியத் தரக்குறியான சி.இ. முத்திரையோடு முதல்நிலை, இரண்டாம்நிலை என்று குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாம்நிலை குறைவான விசையையே எலும்புக்குக் கடத்தும். முதுகுக்குப் பல ஜாக்கெட்டுகளில் வெறும் நுரைத்துண்டையே வைத்து விற்கிறார்கள், அதை எடுத்துவிட்டு முத்திரையுள்ள தகட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். கீழே விழும் எவரும் அனிச்சையாகக் கையை ஊன்றுவதால் உள்ளங்கையில் தடித்த காப்புள்ள கையுறை வேண்டும். செருப்பு அறவே கூடாது, கணுக்காலை மூடும் காலணியாவது வேண்டும், அதன் கயிறு கியர் மிதியில் சிக்காதபடி உள்ளே செருகப்பட்டிருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்கு, காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும் போர்வை வடிவ மழைக்கோட்டை விடுத்து, சட்டையும் கால்சட்டையுமாகப் பிரிந்த வகையை வாங்குவது பாதுகாப்பு.

பழைய வண்டி வாங்குவது மாணவர் குடும்பங்களுக்கு ஏற்ற வழிதான், ஆனால் ஆவணங்களில் பொறுமை வேண்டும். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டியாயின் நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர் மாற்றத்தை விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். புதிய வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடு, 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த ஆணை அது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் சேர்த்துக்கொண்டிருந்த மருத்துவர் ஒருவர் அவை முறியாதிருக்க நீதிமன்றம் சென்றது தமிழகம் நன்றியோடு நினைக்க வேண்டிய செயல்.

ஆர்.டி.ஓ. தேர்வில் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டுவது மெதுவான வேகத்தில் சமநிலையைச் சோதிக்கிறது. அவசரமாக நிறுத்துவதையோ, நெரிசலில் பிறர் நகர்வை முன்கூட்டிக் கணிப்பதையோ அது சோதிப்பதில்லை. ஆகவே உரிமம் கையில் வந்த பின்னும் முதல் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழகுவதும், மழையையும் இரவையும் பின்னிருக்கைப் பயணியையும் ஒரே நாளில் சேர்க்காமல் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்வதும் பயன் தரும். வேகத்தை உண்மையிலேயே விரும்பும் இளைஞர்களுக்கு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் நடத்திவரும் பந்தயத் தடம் இருக்கிறது. எதிரே லாரி வராத, ஓரத்தில் மருத்துவ உதவி காத்திருக்கும் அந்த இடத்தில் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்து கற்பதற்கும், நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கிப் படம் எடுப்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. 2023-இல் காஞ்சிபுரம் அருகே அப்படிச் சாகசம் செய்த பிரபல யூடியூபர் ஒருவரின் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது.

ஈராண்டு இப்படி ஓட்டியவர் 350 சி.சி. வண்டிக்கு மாற விரும்பினால் தயங்க வேண்டியதில்லை. 100, 125 சி.சி. வண்டிகளுக்குச் சென்னையில் எப்போதும் வாங்குவோர் உண்டு என்பதால் முதல் வண்டியை விற்பதில் இழப்பு குறைவு. உடம்புக்குப் பொருந்திய ஜாக்கெட்டும் கையுறையும் காலணியும் அடிபடாத தலைக்கவசமும் அடுத்த வண்டிக்கும் அப்படியே வரும். புதிய வண்டி கைக்குப் பழகும் முதல் ஐந்து மாதங்களுக்கு மட்டும், ஹர்ட் அறிக்கையை நினைத்து, மீண்டும் பழகுநரின் வேகத்துக்கே திரும்பிவிட வேண்டும்.